போன மாதம் சொன்ன பதில்

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியில், மனோதத்துவ நிபுணர் பஞ்சுவின் அறையில் நாலு மணி வெயில் சாய்வாக விழுகிறது. மின்விசிறி டக் டக்கென்று இடிக்கிறது. எதிர் நாற்காலியில் அகிலாண்டம் மாமி, தன் பிள்ளைக்கு வந்திருக்கும் பெண் ஜாதகத்தை மடியில் வைத்திருக்கிறாள். மஞ்சள் தடவிய அதன் மூலை காற்றில் படபடக்கிறது. "செம்பூர்ப் பொண்ணு வாலாம்பாள் உங்கிட்ட வைத்தியத்துக்கு வந்தாளோடா? ஆமா, இல்லை, ஒரு வார்த்தை போறும்." "யார் வந்தா, யார் வரலைன்னு நான் சொல்லப்படாது மாமி. தொழில் தர்மம்." சொல்லிவிட்டானே தவிர, பஞ்சுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலமாரிச் சாவியை எடுக்கிறான், வைக்கிறான், மறுபடி எடுக்கிறான். அலமாரிக்குள் வாலாம்பாளின் ஃபைல் இருக்கிறது. ஆறு வாரம் தூக்கமில்லாமல் தவித்து, தேறி, சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போன பெண். கீழே லோக்கல் ரயில் கடக்க, மேஜைமேல் தண்ணீர் டம்ளர் கிணுகிணுக்கிறது. மாமி அசையவில்லை. "போன மாசம் காட்கோபர் பொண்ணைப் பத்திக் கேட்டப்போ, 'அவ இங்க வந்ததே இல்லை மாமி'ன்னு பட்டுனு சொன்னியே?" பஞ்சுவின் விரல்கள் சாவிமேல் அப்படியே நிற்கின்றன. நல்ல காரியத்துக்கு உதவினோம் என்று அன்றைக்கு எவ்வளவு பெருமை! அன்றைக்கல்லவா வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இவளும் வரவில்லை என்ற பொய் இப்போது நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. மாமி அவன் முகத்தையே பார்க்கிறாள். பிறகு ஜாதகத்தை நிதானமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். "ஏண்டா முழிக்கறே? நீதான் ஒண்ணுமே சொல்லலையே."