தனி ஆட்டத்துக்கு எதுக்குடா நெட்டு?

அடி அண்ணாமலையில் பௌர்ணமி நாள் வெயில் சாய்கிறது. கடலை மண்டி வாசலில் நிற்கும் மினி லாரியின் பின்பலகையில் குந்தி, மூட்டை தூக்கும் மணிவேல் செல்போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறான். கோணி அறுத்த கட்டைவிரல் திரையில் வழுக்குகிறது. செல்போன் ஆட்டத்தில் அரக்கர்களை வென்றால் கிடைக்கும் தீவாள் என்ற நெருப்பு வாளுக்காக மாதக்கணக்காய் ஆடியவன். இன்று மாலையோடு கெடு முடிகிறது. கடைசி அரக்கனுக்கு இன்னும் ஒரே வெட்டுதான் பாக்கி. தெருவை அடைத்துக்கொண்டு போகும் கிரிவலக் கூட்டம் முழுக்க வீடியோ அனுப்பிக்கொண்டே நடக்கிறது. சிக்னல் போகிறது. அரக்கன் ஓங்கிய கையோடு உறைந்து நிற்கிறான். 'இணைப்பு இல்லை, ஆட்டம் ரத்து' என்கிறது திரை. "தனியா ஆடற ஆட்டத்துக்கு எதுக்குடா நெட்டு? கம்பெனிக்காரன் இன்னா என் பக்கத்துல குந்திக்கினு பாக்கணுமா?" என்று மணிவேல் பொரிகிறான். லாரியில் ஏற்றிய மூட்டைகளில் சாய்ந்து கால் நீட்டியிருக்கும் அன்பரசன், மண்டிக்காரர் மகன், சிரிக்கிறான். அவனிடம் அந்தத் தீவாள் இருக்கிறது. ஆடி ஜெயித்ததல்ல, எவனிடமோ காசு கொடுத்து வாங்கியது. "பௌர்ணமியன்னிக்கு இங்க நெட்டு நிக்குமாடா, லூசு? என்கிட்ட இன்னொரு வாள் கீது. உனக்குன்னா கம்மி பண்ணித் தரேன் மச்சான்." மணிவேல் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டிக்குள் போகிறான். அடுத்த மூட்டையை முதுகில் சுமந்து வந்து, நீட்டியிருக்கும் அன்பரசனின் கால்மேலேயே குறிபார்த்து இறக்குகிறான்.