பெரிய புகை

வாகைமரப் பொந்தில் ஒரு குரங்கு புகைக்கருவிகள் விற்றுவந்தது. ஒருநாள் அணில் ஒன்று அங்கே போய் நின்றது. அதுவரை அது புகையை வாயில் வைத்ததே இல்லை.

"புதுசா?" என்று கேட்டது குரங்கு. "புதுசுன்னா இந்தச் சின்ன வேப் கருவி போதும். பெரிசு நெஞ்சைப் பிடிச்சிரும்."

பக்கத்துக் கிளையில் இரண்டு காக்கைகள் குபுகுபுவென்று புகைவிட்டுக்கொண்டிருந்தன. அவை திரும்பிப் பார்த்ததும் அணிலுக்குக் கூச்சமாகிவிட்டது.

"எனக்கு ரொம்ப நாள் பழக்கம். பெரிசையே குடுங்கண்ணே" என்றது.

அன்று காவல் முறை அணிலுடையது. கீழே களத்தில் அதன் அக்கா கடலை பொறுக்கும்போது, மேலிருந்து பருந்து வருகிறதா என்று பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். கிளையில் உட்கார்ந்தபடியே அணில் மூச்சு முட்ட ஓர் இழுப்பு இழுத்தது. நெஞ்சு தீயாய் எரிந்தது. இருமி இருமி ஓய்ந்தபோது கண்ணெல்லாம் நீர் கட்டியிருந்தது, தொண்டை அடைத்துப்போயிருந்தது.

அப்போதுதான் களத்தின்மேல் ஒரு நிழல் வட்டமிடுவதைக் கண்டது. வாயைத் திறந்து கத்தியது. வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் கத்தியது. அக்கா தலை நிமிரவே இல்லை. மேலே தம்பி இருக்கிறான் என்ற நம்பிக்கையில் அடுத்த கடலையை எடுத்தாள்.

பருந்து இறங்கி எழுந்தது.

பொழுது சாய்வதற்குள் அணிலுக்குக் குரல் திரும்பிவிட்டது. யாருமில்லாத களத்தைப் பார்த்து, "அக்கா, பருந்து! பருந்து!" என்று அது கத்திக்கொண்டே இருந்தது.