இரண்டு அடுக்கு

"ரிஜெக்ட்," என்றாள் பாரதி, கிட்டாரின் வட்ட ஓட்டைக்குள் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு.

குர்ஷித் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அவர் மனைவி சுகரா பேகத்துக்குத் தன் அப்பா விட்டுப்போன ஐம்பது வருஷத்துக் கிட்டார் அது. முதுகு முழுக்க விலையுயர்ந்த ஈட்டி மரம் என்று சொல்லித்தான், பழைய மரச்சாமான்களும் வாங்கும் கோதண்டபாணியை வேலூரிலிருந்து வரவழைத்திருந்தார் குர்ஷித். அது விலை போனால்தான் வாசலில் நிற்கும் மக்கர் ஸ்கூட்டருக்கு விடிவு.

கிட்டாரைப் பார்த்துச் சொல்லப் பாரதியைக் கூப்பிடச் சொன்னது சுகரா பேகம்தான். மாடியில் குடியிருப்பவள், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தரம் பார்ப்பவள், அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். முகத்துக்காகப் பேசத் தெரியாது. போன வாரம் குர்ஷித் ஆக்கிய பிரியாணியை அவர் எதிரிலேயே தள்ளி வைத்தவள்.

பொம்பளைப் பிள்ளைக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார் கோதண்டபாணி. முப்பது வருஷமாகத் தோல் வியாபாரம் பார்க்கிறவர். பாரதிக்குச் சுர்ரென்று ஏறியது.

"தோல் வாங்கறப்ப இன்னா சார் பண்ணுவீங்க? வெட்டுன ஓரத்தத்தான பாப்பீங்க? இதையும் பாருங்க."

செல்போன் வெளிச்சத்தில் அவர் குனிந்தார். முதுகுப் பலகையில் வெளியே வளைந்தோடிய கறுப்பு ரேகை, உள்ளேயும் பிசகாமல் அதே இடத்தில் ஓடியது. அதை அவர் சட்டை செய்யவில்லை. ஓட்டையின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு, நடுவே மெல்லிய பசைக் கோடு.

தோல்காரருக்கு அது போதும். ஓரத்தில் அடுக்கு தெரிந்தால் ஒட்டுச் சரக்கு, அசல் இல்லை. "ப்ளைவுட்டுபா இது," என்று எழுந்து ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

இந்தக் கட்டைக்கா இத்தனை வருஷம் தூசி தட்டினோம் என்று சுகரா பேகம் அலுத்துக்கொண்டார். இனி யாரையும் கூட்டி வரப்போவதில்லை, கிடந்து தொலையட்டும் என்று சொல்லிவிட்டு, குர்ஷித் டீக்கடைக்குக் கிளம்பினார்.

அவர் ஸ்கூட்டர் வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும் வந்து அணைந்தது. உள்ளே பாரதியின் குரல் அவருக்குக் கேட்டது.

"ப்ளைவுட்னு நான் சொல்லவே இல்ல ஆன்ட்டி, அவரா சொன்னாரு."

"ஓட்டை ஓரத்துக்கு அடியில பலத்துக்கு ஒட்டுன பட்டைன்னு அந்தாளுக்குத் தெரியல, முதுகு ஒரே பலகைதான்," என்று சிரித்தார் சுகரா பேகம். "பாய் வர்றதுக்குள்ள உக்காரும்மா, நேத்து விட்ட பாடத்த உனக்குக் கிட்டார்ல வாசிச்சுக் காட்டறேன்."