விரித்த பாய்

நிலம் அளப்பவர்களோடு பத்து நாள் காட்டில் படுத்தெழும்ப வேண்டும். அதற்கொரு பாய் வாங்க, கதிரித்தம்பி முல்லைத்தீவில் மீராசாகிபுவின் கடைக்குப் போனான். நாலு நாளாக விடாத மழை.

“படுத்துப் பாருங்கோ தம்பி. கால் வெளியில நீட்டினால் பூச்சி பூரான் கடிச்சுப்போடும்,” என்று மீராசாகிபு புதுப் பாயொன்றை விரித்தார்.

படுத்தான். அளவு சரி. ஆனால் நடுவில், ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும், பாய் வெதுவெதுத்தது.

“வெயிலில போட்டனீங்களோ, மீராசாகிபு நானா?”

“இந்த நாலு நாளும் வெயிலைக் கண்டனீங்களோ?”

துள்ளி எழும்பினான். மூலையில் சுருட்டிக் கிடந்த வேறொரு பாயைத் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. காசைக் கொடுத்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

“படுத்தெழும்பின பாயைச் சுருட்டிவிட்டுப் போங்கோ தம்பி! விரிச்ச பாயை வெறுமையாய் விடக்கூடாது!”

கதிரித்தம்பி திரும்பவில்லை.

நிலம் அளப்பவர்களும் அவனும் பின்னேரம்வரை மழைக்குள் காட்டில் நடந்தார்கள். பாய் அவன் தோளைவிட்டு இறங்கவேயில்லை. கூடாரத்துக்குள் பாயின் கட்டை அவிழ்த்து விரித்துவிட்டு நிமிர்ந்தான். இன்னும் அதில் உட்காரக்கூட இல்லை. கூட வந்த யோகலிங்கம் அப்போதுதான் நனைந்தபடி உள்ளே நுழைந்து, பாயில் கையை ஊன்றிக் குந்தினான்.

“ஏன் அண்ணை எழும்பினனீங்கள்? படுங்கோ. பாய் இன்னும் சுடுது.”