ஆறு மூட்டை ஐஸ்

"ஆறு மூட்டை ஐஸா! என்ன தம்பி, இன்னைக்கு விருந்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் பக்கத்து கேரவன்காரர் டுவேன்.

"விருந்தெல்லாம் முடிஞ்சுபோச்சு அண்ணே. போன இடத்துலதான் அடைச்சுக்கிச்சு" என்றான் லைல். மூட்டையைத் தோளில் சுமந்து கேரவன் படியேறி, ஐஸை டாய்லெட்டுக்குள் கொட்டினான்.

மினசோட்டாவின் பனிக்குத் தப்பி, குளிர்காலத்தைக் கழிக்க அரிசோனாவில் ஒரு கேரவன் முகாமுக்கு வந்திருந்தார்கள் லைலும் மனைவி நோரீனும். கூடவே மாமியார் ஆர்டிஸ். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்த டாய்லெட், இன்று காலை எதையும் லேசில் விழுங்க மாட்டேன் என்றுவிட்டது. கழிவுத் தொட்டியில் ஐஸும் தண்ணீரும் ஊற்றி வண்டியைக் குலுங்கக் குலுங்க ஓட்டினால், கட்டிகள் உருண்டு அடைப்பைத் தேய்த்துவிடும். அந்த முகாமில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது.

தொட்டியிலிருந்து முகாம் சாக்கடைக்குப் போகிற கழிவுக் குழாயைக் கழற்றக் குனிந்த டுவேன் நிமிர்ந்தார். "தொட்டி வால்வு திறந்தே கெடக்கே?"

"வந்த அன்னைக்கே திறந்து விட்டுட்டேன் அண்ணே. தினமும் யாரு திறந்து மூடிக்கிட்டிருக்கறது?"

"அடப்பாவி, அப்படி வச்சா தண்ணி மட்டும் ஓடிரும். மத்ததெல்லாம் உள்ளயே புத்து கட்டிரும்."

"அதெல்லாம் இல்லண்ணே. யாரோ தடிச்ச காகிதத்தப் போட்டிருக்காங்க." 'யாரோ'வில் ஓர் அழுத்தம் கொடுத்தான் லைல்.

நோரீனுக்குச் சுருக்கென்றது. "எங்கம்மாவையா சொல்றீங்க?"

"பந்தயம் வச்சுக்கலாமா? அத்தைதான்னு தெரிஞ்சா நாளைக்கே ஊருக்கு பஸ் ஏத்திரணும். இல்லைன்னா மார்ச் வரைக்கும் நம்மகூடயே இருக்கட்டும்."

"சரி" என்றாள் நோரீன். மார்ச் வரை அம்மா இருக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசையும்.

ஆர்டிஸ் அப்போதுதான் நடந்துவிட்டு வந்தாள். புழுதிக்காற்று அடித்தாலும் பூப்போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு நாலைந்து முறை நடக்கக் கிளம்பிவிடுகிற உடம்பு அது. "எங்க மாப்பிள்ளை கிளம்பிட்டீங்க? நானும் வர்றேன்" என்று ஏறி உட்கார்ந்தாள்.

டுவேன் வால்வை இறுக மூடிக் குழாயைக் கழற்றினார். வண்டி புறப்பட்டது. வேகத்தடை ஒன்றையும் விடவில்லை லைல். தொட்டிக்குள் ஐஸ் கடகடவென்று தாளம் போட்டது, அலமாரியில் தட்டுகள் பதில் தாளம் போட்டன. நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் எழுந்து கை தட்டினார்கள். ஆர்டிஸ் ராட்டினத்தில் ஏறிய குழந்தை மாதிரி, "இன்னும் வேகமா, மாப்பிள்ளை!" என்று கத்தினாள்.

அடுத்த வேகத்தடையில் அவள் பை எகிறிக் கீழே விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு வெள்ளைச் சுருள் உருண்டு, வழியெல்லாம் பாய் விரித்துக்கொண்டே வந்து லைலின் காலடியில் நின்றது.

டாய்லெட் காகிதம். மூன்று அடுக்கு. மெத்தை மாதிரி.

லைலுக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது. கொடியேற்றுகிறவனைப் போல் அந்தச் சுருளைத் தூக்கிப் பிடித்தபடி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

டுவேன் குழாயை மாட்டி வால்வை இழுத்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு 'பொளக்' என்று ஒரு சத்தம். அதன் பின்னால் வெள்ளம். குழாய் பாம்பாக நெளிய, "போகுது! போகுது!" என்று நாலுபேரும் குதித்தார்கள். லைல் டுவேனைக் கட்டிப்பிடித்தே விட்டான்.

ஆட்டம் அடங்கியதும் சுருளை நீட்டினான். "அத்தை, இது யாரோடது?"

"என்னுதுதான். எப்பவும் இதுதான் எனக்கு ஒத்துக்கும்."

நோரீன் தலையைக் குனிந்துகொண்டாள். "காலையில பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள் மெதுவாக.

"எதுக்கு பஸ்ஸு? இந்த முகாமோட பொதுக் கழிப்பறையில இருக்கற காகிதம் உப்புத்தாள் மாதிரி அறுக்குது. அதான் போறப்பல்லாம் கையோட கொண்டு போறேன்" என்ற ஆர்டிஸ், சுருளை வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"உங்க வண்டி டாய்லெட்ல நான் இன்னும் ஒரு தடவைகூட உட்காரலையே, மாப்பிள்ளை!"