பக்கத்து இருக்கையின் பெல்ட்

"இன்னைக்கு நீ மட்டும் போயிட்டு வா" என்று மாணவி ஜெர்லினிடம் சொல்லிவிட்டு, பயிற்சியாளர் பூவராகன் விமானத்தைவிட்டு இறங்கினார். போகும்முன், காலியான தன் இருக்கையில் ஆள் இருப்பதுபோலவே பெல்ட்டை இறுக்கி மாட்டினார். அவருடைய கனம் இல்லாத விமானம், ஜெர்லின் எதிர்பார்த்ததற்கு முன்பே தரையைவிட்டுத் துள்ளியது. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கீழே உப்பளங்கள் பளபளத்தன. "சார், திருப்பட்டுமா?" என்றாள் பழக்கதோஷத்தில். பக்கத்தில் பெல்ட் மட்டும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. "திருப்புடி!" என்று தனக்குத்தானே கத்தித் திருப்பினாள். இறங்கி நின்றதும் அவர் வந்து கதவைத் திறந்தார். "சபாஷ்! பைலட் வேலைக்கு இன்னும் எத்தனையோ மணிநேரம் பறக்கணும், தெரியுமில்ல? வா, அடுத்த ரவுண்டு சேர்ந்து போவோம்." பெல்ட்டைக் கழற்றக் கையை நீட்டினார். அதற்குள் ஜெர்லினின் உள்ளங்கை பெல்ட்டின் கொக்கியை மூடியிருந்தது. "இதுவும் நான் மட்டும், சார்!"