நோட்டீஸின் அடியில் இருந்த பேர்

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சார்" என்று சாமியப்பன் சொன்னதும், பேராசிரியர் திருமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூலனூர் சந்தையில், சாமியப்பன் கட்டி விற்கும் முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார் அவர். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் வேலைநிறுத்தத்துக்கு அடித்த நோட்டீஸ் அதில் இருந்தது. அடியில் 'இப்படிக்கு, சாமியப்பன், கட்டிங் செக்‌ஷன்'.

அந்த ஒரு பேரை நம்பிப் புத்தகமே போட்டுவிட்டார் மனிதர். சாமியப்பனின் எழுத்து நடைக்கு மட்டும் இரண்டு அத்தியாயம். மூலனூருக்கு ஒரு எட்டு வந்து விசாரிக்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

நாளைக்குத் திருப்பூரில் சாமியப்பனுக்குப் பாராட்டு விழா. பொன்னாடை வாங்கியாகிவிட்டது, பத்திரிகைக்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. சாமியப்பனே மேடையில் நோட்டீஸைப் படித்தால் ஜோராக இருக்கும் என்று, கையோடு அழைத்துப் போக வந்த இடத்தில் இப்படி.

"அப்ப இதை எழுதினது யாரு?"

"செக்கிங்ல இருந்த நல்லம்மாளுங்க. நல்லாப் படிச்ச பொண்ணு. பாவம், புருசன் இல்லை."

புத்தகம் போச்சு, இருபது வருஷமாகச் சேர்த்த மானம் போச்சு என்று திருமூர்த்திக்குத் தோன்றியது. தப்பு தன்னுடையது என்று மட்டும் தோன்றவில்லை. படித்தவர்களுக்கு அது லேசில் தோன்றாது.

கோபமெல்லாம் கிழவர் மேல் பாய்ந்தது. ஒரு பெண் எழுதியதைத் தன் பேரில் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இல்லையா, இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் ஊரையே ஏமாற்றிவிட்டாரே என்று பொரிந்து தள்ளினார். சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆரும் வந்து கேக்கலீங்களே சார்" என்றார் சாமியப்பன்.

பிறகு, கையிலிருந்த கட்டைக் கட்டி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். பேரில்லாத நோட்டீஸை அடிக்க மாட்டேன் என்று அச்சகக்காரர் சொல்லிவிட்டாராம். யார் பேரைப் போடுவது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். நல்லம்மாள் தன் பேரையே போடச் சொல்லியிருக்கிறாள். குறுக்கே விழுந்து தடுத்தவர் இவர்தான்.

"அவ்வளவு ஆசையா பேர் மேல?" என்றார் திருமூர்த்தி.

"நாளைக்கு மேடையில அந்தம்மா பேரைச் சொல்லிருங்க சார். அவங்க பசங்க தலையெடுத்துட்டாங்க. இனிச் சொன்னா பயமில்லீங்க."

"பொன்னாடை போர்த்துறதுல என்னய்யா பயம்?"

சாமியப்பன் அடுத்த கட்டை இழுத்து வைத்தார்.

"அன்னைக்கு அந்தப் பேருக்குப் பொன்னாடை போத்தலீங்க சார். நோட்டீஸ் வந்த மக்யா நாளே, விடிஞ்சதும் வேலையை விட்டு நிறுத்திப் போட்டாங்க. அப்புறம் திருப்பூர்ல ஒரு கம்பெனியிலயும் என்னைச் சேத்துக்கலீங்க. நான் ஒண்டிக்கட்டை, இப்படி எங்கயாவது பொழச்சுக்குவேன். அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கொழந்தைங்க."